ஐசக்கின் டோன்

மானாம்பதி ஐசக்குக்கு ஐம்பத்திரண்டு வயது. ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் உதவியாளர். அவர் கிடார் வாசிப்பார் என்பது ஊருக்கே தெரியும். வாசித்து யாரும் கேட்டதில்லை என்பதும் தெரியும்.

"டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்ல டோன் வராது. வால்வு வச்ச பழைய செட் ஒண்ணு கிடைக்கட்டும், காட்டறேன்" என்று சொல்லியே சர்ச்சில் இருபது வருஷம் ஓட்டிவிட்டார். பாடகர் குழுவில் அவர் பேர் இருந்தது, நாற்காலி இருந்தது. கிடார் வீட்டில் இருந்தது.

கெட்ட நேரம், வால்வு செட் கிடைத்துவிட்டது. வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லை இடித்தபோது பழைய இரும்புக் கடைக்கு வந்த பெட்டி. மில்லில் ஆயுதபூஜைக்குப் பாட்டுப் போட்ட செட். உள்ளே துரு, பல்லி முட்டை, நான்கு வால்வு. ஐசக்கின் டோன் பேச்சைக் கேட்டுக் கேட்டு நொந்திருந்த கடைக்காரர் தானே ஆட்டோ பிடித்து அனுப்பிவைத்தார்.

பெட்டியைத் திறந்து பார்த்ததும் ஐசக்குக்கு நிம்மதி. அது வேலை செய்யவில்லை.

மூன்று வருஷம் அதைச் சீர்செய்தார். ஒரு வருஷம் துருவைத் தேய்த்தார். மறு வருஷம் பெட்டிக்கு வார்னிஷ் அடித்தார். அதற்கடுத்த வருஷம் அமெரிக்கக் கிழவர்கள் கண்டென்சர் மாற்றும் வீடியோக்களைப் பார்த்தார். கேட்டவர்களிடம், "ஒரிஜினல் பார்ட் வரணும்" என்றார். எங்கிருந்து என்று சொல்லவில்லை.

"இன்னா, உங்க தம்பி நாஷ்டா துன்னுட்டாரா?" என்று பெட்டியைக் காட்டிக் கேட்பாள் மனைவி அம்முலு. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், உத்திரமேரூரில் மைக் செட் கடை வைத்திருக்கும் முகம்மது கௌஸைக் கூட்டிவந்துவிட்டாள்.

கௌஸ் பெட்டியைக் கவிழ்த்தார். காய்ந்துபோன கண்டென்சர்களை வெட்டி எறிந்தார், புதியவற்றைப் பற்றவைத்தார், எர்த் ஒயர் இழுத்தார். சாயந்திரத்துக்குள் பெட்டி பேசியது.

"ஒரிஜினல் இல்லியே பாய்" என்றார் ஐசக் பலவீனமாக.

"ஒரிஜினல் செத்துப்போச்சு சார். பொணத்த வச்சிக்கினு இன்னா பண்ணப்போறீங்க?"

மறுவாரமே சர்ச்சில் நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களின் ஏலத்துக்கு முன்னால் சகோதரர் ஐசக்கின் கிடார் இசை.

ஐசக்குக்குக் கிடாரில் மூன்று கார்டு, அதாவது மூன்று சுரக்கூட்டு, சுத்தமாக வரும். நான்காவது வரும் இடத்தில் விரல் கம்பியைத் தேடும். இந்த ரகசியம் தெரிந்தவர் ஒருவர்தான், ஐசக். அவர் இருபத்துமூன்று வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

பண்டிகையன்று காலையில் கௌஸ் செட்டை மேடையில் வைத்தார். வால்வுகள் மெல்லச் சிவந்தன. தட்டிப் பார்த்துத் திருப்தியாகி, அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். ஐசக் கைக்குட்டையைச் சுற்றிச் சின்ன வால்வை உருவிப் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டார். அது தொடையைச் சுட்டது. ஒற்றைக் காலில் நெளிந்தபடி நின்றார்.

திரும்பிவந்த கௌஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "சார், சின்ன வால்வு எங்க?"

"எலி எடுத்துக்கினு போயிருக்கும் பாய்."

"எலிக்கு அது இன்னா, மசால் வடையா?"

கௌஸ் அவருடைய புடைத்த பையைப் பார்த்தார். தன் பையைத் துழாவி வேறொரு வால்வை எடுத்துச் செருகினார். "பேஜார் ஆவாதீங்க. ஸ்பேர் இல்லாம நான் வேலைக்கு வர்றதில்ல."

ஐசக் கிடாரை மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கீர்த்தனையைத் தொடங்கினார்.

சத்தம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. கனமாக, லேசான கரகரப்போடு வந்தது. இத்தனை வருஷம் அவர் சொல்லிக்கொண்டிருந்த டோன் அதுதான். பெட்டிக்கு ஓரவஞ்சனை கிடையாது. நான்காவது கார்டில் விரல் தேடியதையும் அதே கனத்தோடு மைதானம் முழுக்க அனுப்பியது. மூன்று சரணத்திலும் அனுப்பியது.

முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. ஏலத்துக்கு வந்த கிடாவின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயசு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாடகர் குழுவை நடத்தும் பரிமளா மட்டும் திரும்பினாள்.

"செக் பண்ணது போதும்ணா, நல்லா கேக்குது. பாட்ட ஆரம்பிங்க."

ஐசக் கௌஸைப் பார்த்தார். கௌஸ் குனிந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இதோம்மா" என்ற ஐசக், அதே கீர்த்தனையை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.