துருப்பிடிக்காத போல்ட்டும் அப்பாவின் ஏணியும்

கடலுக்குள் நிறுத்துகிற காற்றாலைகளுக்கு எந்த உலோகத்தில் போல்ட் செய்தால் எடையும் குறையும், துருவும் பிடிக்காது என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. ஆபீஸில் ஒரு பெட்டிக்குள் உப்புத்தண்ணீரைப் புகைபோலத் தூவிக்கொண்டே இருப்போம். உள்ளே டைட்டானியம் போல்ட் கல்யாண மாப்பிள்ளை மாதிரி அலுங்காமல் உட்கார்ந்திருக்கும். கொல்லிமலைக்காரிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

மலைமேல் குண்டூர் நாடு என்கிற எங்கள் பகுதியில் அப்பாவுக்குக் கொஞ்சம் மிளகு இருக்கிறது. கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கிறது. பறிக்க அவரும் ஏறுகிறார். இந்த வயதில் ஏறாதீர்கள், ஆள் வையுங்கள் என்றால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். மூங்கில் ஏணியையாவது விடட்டும் என்று அலுமினிய ஏணி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஒரே மழைக்காலத்தில் அதன் இரும்பு போல்ட்டெல்லாம் துருவேறிவிட்டன.

"இதுக்கு மூங்கிலே தேவலை கண்ணு" என்றார் போனில்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சோதனை முடிந்து ஒதுக்கிய டைட்டானியம் போல்ட்டுகளை மேலாளரிடம் கேட்டு வாங்கிப் போய், நானே ஏணியில் பூட்டினேன்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து வரும் மிளகு வியாபாரியைக்கூட விடவில்லை. "கடல்ல நிக்கிற காத்தாடிக்குப் போடறதுங்க. எம்புள்ள கொண்டாந்தா!" நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் வேட்டி நுனியால் போல்ட்டைத் துடைத்துக் காட்டுவார். நானும் பெருமையாகக் குனிந்து பார்ப்பேன்.

ஒருமுறை போல்ட்டைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது.

"இது என்னங்கப்பா?"

"சுண்ணாம்பு கண்ணு. மருந்தடிச்சதுல பட்டிருக்கும்."

மிளகுக்கொடி வாடாமலிருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிப்பார்கள். ஏணி, பக்கெட், அப்பா தலையில் கட்டும் உருமால் எல்லாவற்றிலும் அது அப்பித்தான் கிடக்கும். சரிதான் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மிளகு பறிப்பில் ஏணிப்படி பிய்ந்துகொண்டு அப்பா கீழே விழுந்தார். நல்ல வேளை, கீழ்ப்படிதான். கணுக்கால் வீங்கியதோடு போயிற்று. அடித்துப்பிடித்துக்கொண்டு மலையேறினேன். ஏணியைப் புரட்டிப் பார்த்தால் அந்த வெள்ளைப் பொடி சுண்ணாம்பே இல்லை, அரித்துக் கொட்டிய அலுமினியம். ஈரத்தில் இந்த மாதிரி வேறு உலோகம் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். மயில்துத்தத்திலிருக்கும் செம்பும் என் டைட்டானியமும் கூட்டுச் சேர்ந்து ஏணியைத் தின்றிருந்தன. போல்ட் மட்டும் அகன்றுபோன ஓட்டையில் புத்தம்புதிதாக ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் ஆபீஸாக இருந்தால் போல்ட் தேறியது என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நலம் விசாரிக்க அந்த மிளகு வியாபாரியும் வந்திருந்தார். கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் போல்ட்டைக் கழற்றித் தரச்சொல்லி வாங்கி, வேட்டியில் துடைத்து அவரிடம் நீட்டினார்.

"ஏணிக்காரன் ஏமாத்திப்போட்டானுங்க. எம்புள்ள போல்ட்டைப் பாருங்க, ஒரு பொட்டுக் கறை இருக்குதுங்களா?"