அத்தானின் பின் யன்னல்

அந்தக் காரின் பின் யன்னலில் கண்ணாடி கிடையாது. மடக்கக்கூடிய கன்வஸ் கூரையில் பொத்தான்களால் பொருத்திய தடித்த பிளாஸ்டிக் தாள்தான் யன்னல். துறைமுகத்தை விட்டுப்போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து கைமாறிக் கைமாறி அத்தானிடம் வந்து சேர்ந்த கார் அது. என் அக்காவின் கணவரான அவர் அதை வாடகைக்கு ஓட்டினார். கிண்ணியாவுக்கு இன்று பாலம் இருக்கிறது. அன்று காரையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக் கடக்கும் மிதவை மட்டும்தான். நெரிசலான நாட்களில் அதிலிருந்து காரைப் பின்பக்கமாகவே இறக்க வேண்டும். இரண்டு புறமும் தண்ணீர். அதனால் அத்தானுக்கு முன் கண்ணாடியைவிடப் பின் யன்னலில்தான் கவனம் அதிகம்.

அதைத் துடைப்பது அக்காவின் காலை வேலை. ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை கிடைத்து நான் அவர்களோடு தங்கியிருந்த காலம் அது. அக்கா முதலில் வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, படிந்த உப்பையும் மணலையும் தானாக ஓட விடுவாள். பிறகு, துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன நூல்சேலைத் துண்டைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, மேலிருந்து கீழாக ஒரே போக்கில் இழுப்பாள். அழுத்தமாட்டாள், வட்டமாகத் தேய்க்கமாட்டாள். வெயில் ஏறுமுன் ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுவாள். ஒருமுறை உதவலாமென்று காய்ந்த துணியோடு போன என் கையைப் பிடித்துக்கொண்டாள். “தண்ணி ஊத்தாமத் தொடாத பிள்ளை. ஒரு மணலே போதும், கோடு விழுந்தாப் பிறகு போகாது.” விழுந்த சின்னக் கீறல்களைக் குத்துவிளக்குத் துலக்கும் பசையைப் பஞ்சில் தொட்டு, பொறுமையாக மறைத்துவிடுவாள்.

அந்த வருஷம் அத்தான் குறை சொல்லத் தொடங்கினார். அதற்குமுன் அவர் அவளை எதற்கும் குறை சொன்னதில்லை. “யன்னல் புகாராக் கிடக்கு, பின்னால ஒண்டும் தெளிவாத் தெரியேல்லை, இன்னும் கொஞ்சம் துடையும்.” அக்கா துடைப்பாள். எனக்கு அதற்குள்ளால் எதிர்வீட்டு வேலியின் ஒவ்வொரு தென்னோலைக் கிடுகும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. பிளாஸ்டிக் பழசாகிவிட்டது என்று அக்கா தன்னையே தேற்றிக்கொண்டாள். பல வருஷம் காத்திருந்து அப்போதுதான் அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது. வேறு எதையும் நினைக்க அவளுக்குத் துணிவில்லை.

ஒருநாள் மிதவையிலிருந்து இறக்கும்போது காரின் பின்சக்கரம் ஒன்று இறங்குபலகையை விட்டு வெளியே போய்விட்டது. வழக்கமாக ஏறும் கிண்ணியா வியாபாரி, நாங்கள் அண்ணன் முறையில் ‘நானா’ என்று அழைப்பவர், கூச்சலிட்டு நிறுத்தியிராவிட்டால் உள்ளே இருந்த தாயும் பிள்ளைகளும் தண்ணீருக்குள் போயிருப்பார்கள். அத்தான் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லவில்லை. அந்த நானாதான் வந்து, அக்காவிடம் தலை குனிந்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த கிழமை யன்னலின் ஓரத் தையல் விட்டிருந்தது. காலையில் அக்கா பொத்தான்களைக் கழற்றி அதைத் தைப்பதற்காக உள்ளே கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்தபோது அத்தான் சாரதி இருக்கையில் ஏறி, பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இண்டைக்கும் புகார்தான். வடிவாத் துடைக்கேல்லையோ?”

யன்னல் இருந்த இடம் வெறும் ஓட்டை. அக்கா அப்படியே நின்றாள். நான் படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன், எனக்கும் விளங்கிவிட்டது. “ஓம், துடைக்கிறன்” என்று சொல்லிவிட்டு அவள் ஈரத் துணியைக் கையில் எடுத்தாள். அந்த வெற்றிடத்தில், மேலிருந்து கீழாக, ஒரே போக்கில் துணியை அசைத்தாள். அவள் முகம் முழுவதும் நனைந்திருந்தது.

“துணிச் சத்தம் கேக்கேல்லையே” என்றார் அத்தான்.

அவர் இருக்கையில் முழந்தாளிட்டுப் பின்பக்கம் திரும்பினார். பின்னிருக்கைக்கு மேலாக எட்டிக் கையை நீட்டினார். தாளில் முட்டவேண்டிய கை தடையில்லாமல் வெளியே வந்து அவளுடைய மணிக்கட்டில் பட்டது. நீண்ட நேரம் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி வந்து சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். “ஆக்களை ஏத்த ஏலாது இனி” என்றார்.

கொழும்புக் கண்ணாஸ்பத்திரியில், உள் நரம்பு கெட்டுவிட்டது, முந்தி வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார்கள். திரும்பி வந்த ரயிலில் அக்கா யன்னலோரத்தில் அவரை இருத்தி, கடந்துபோவதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் கண்ணில் எஞ்சியிருந்த வெளிச்சமும் அந்த மாரிக்காலத்துக்குள் போய்விட்டது. காரை நானா வாங்கினார். கொண்டுபோக வந்த அன்று அத்தான் யன்னலைத் தடவிக் காட்டி, தண்ணீர் ஊற்றுவதிலிருந்து ஒற்றி எடுப்பதுவரை எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அடுத்தவீட்டுக் கோடிவரை கேட்கும் குரலுடைய நானா, அன்று “சரி தம்பி, சரி தம்பி” என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே நின்றார்.

மாரி முடிந்து மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அத்தான் கையை இரண்டுமுறை கழுவித் துடைத்துவிட்டுத்தான் கிட்டே வந்தார். காரோட்டிக் காய்த்த உள்ளங்கையால் தொடாமல், விரல்களின் புறத்தால் நெற்றியிலிருந்து நாடிவரை மெல்ல வருடினார். அக்கா சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஆரை மாதிரி இருக்கிறாள் பிள்ளை? நல்லாப் பாத்துச் சொல்லும்” என்று என்னிடம் கேட்டார்.

அவரை மாதிரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பொய் வரவில்லை. “அக்காவை அப்படியே உரிச்சு வைச்சிருக்கு அத்தான்.”

அவர் விரல்களின் புறத்தால் பிள்ளையின் கன்னத்தை இன்னொருமுறை வருடினார்.

“அப்ப, எனக்குத் தெரிஞ்ச முகம்தான்” என்றார்.