வியாழக்கிழமைத் தேதி

வெளியுறவு அலுவலகத்தின் சட்டப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகத் தபால் அனுப்புகிறவளை எல்லோரும் முத்திரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். தேதி முத்திரையின் சக்கரத்தைத் தினமும் காலையில் அவளேதான் திருப்புவாள். வேறு யாராவது தொட்டால் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாள். சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் போகிற கடிதங்களையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்ததில் ஒன்று மட்டும் மண்டையில் ஏறியிருந்தது. ஒரு நாடு இன்னொரு நாட்டின்மேல் கை வைக்கக் கூடாது. அடி விழுந்தால் தற்காப்புக்காகத் திருப்பி அடிக்கலாம். அடித்த கையோடு ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலுக்கு எழுதித் தெரிவித்துவிட வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை, புதிதாக வந்திருந்த இயக்குநர் அப்படி ஒரு கடிதத்தை நீட்டினார். 'எல்லையில் எங்களைத் தாக்கினார்கள். தற்காப்புக்காகத் திருப்பித் தாக்கினோம்' என்று அதில் இருந்தது.

"வியாழக்கிழமைத் தேதி போட்டு வைங்கம்மா."

அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். "இன்னிக்குத் திங்கள்தானே சார்? வியாழக்கிழமை வந்து நம்மள அடிக்கணும்னு அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

பின்னால் இருந்த தட்டச்சர் இருமுவதுபோல் சிரித்தார்.

"சும்மா ஒரு முன்னேற்பாடும்மா," என்று இயக்குநர் அசடு வழிந்தார்.

"முதல்ல அடி வாங்கிட்டு வாங்க சார், உடனே குத்தித் தர்றேன்."

கடிதத்தோடு போனவர் அந்தப் பக்கமே வரவில்லை. வியாழக்கிழமை வந்தது, யாரும் யாரையும் அடிக்கவில்லை. அன்றைய தேதி முதலில் விழுந்தது, சட்டப் பிரிவுக்கு மின்விசிறி கேட்டு அக்கா அனுப்பிய ஐந்தாவது விண்ணப்பத்தின்மேல்.