இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்.

நான் ஒரு முட்டாள். அதுவும் சம்பளம் வாங்குகிற முட்டாள். விமான் நகர் அலுவலகத்தில், முகம் தெரியாதவர்களின் தகவல்களையெல்லாம் மூன்று இடங்களில் நகலெடுத்துப் பாதுகாப்பது என் வேலை. வீட்டிலோ, இறந்துபோன என் மாமனாரின் குரல் ஒரே ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தது.

ஞாயிறுதோறும் கோயம்புத்தூரிலிருந்து அவர் மகளோடு பேசியவை என் மனைவியின் செல்பேசியில் பதிவாகியிருந்தன. அந்தச் செல்பேசி உயிரைவிடுமுன் அவற்றைக் கணினிக்கு மாற்றியது மட்டுமே நான் செய்த புத்திசாலித்தனம். தினமும் காப்பியோடு ஒன்றைக் கேட்பாள். "மாப்பிள்ளை இன்னும் எந்திரிக்கலயா, கண்ணு?" என்று கூடத்திலிருந்து குரல் வரும். போன மனிதரிடம் அகப்பட்டுவிட்டதுபோல் போர்வையை உதறி எழுவேன்.

பழைய கணினிப் பெட்டி பழுதாகவே கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு எஸ்.எம்.பி.எஸ்.களை, அதாவது கணினிக்குள் மின்சாரத்தைப் பங்கிடும் இரும்புப் பெட்டிகளை, என் கைக்கு ஒன்றாக வைத்தார். "வஜன் தேக்கோ, சாப்," என்றார், எடையைப் பாருங்கள் என்று. ஒன்று உரிக்காத தேங்காய்போலக் கனத்தது. மற்றது காலி பிஸ்கட் டப்பா. எடை குறைந்தால்தான் நவீனம் என்று என் இந்தியில் அவருக்கே பாடம் எடுத்துவிட்டு, கண்ணாடிப் பக்கமும் ஏழு நிற விளக்கும் வைத்த கேபினட்டை வாங்கினேன். பிஸ்கட் டப்பா அதனோடு இலவசம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை அதற்குள் மாட்டியதும் கல்யாண மண்டபம் மாதிரி மின்னியது. பக்கத்திலுள்ள லோஹேகாவ் விமானப்படைத் தளத்திலிருந்து போர் விமானம் எழும்பினால் கண்ணாடி நடுங்கும். மின்சாரம் போய்வந்தால் யாரும் தொடாமலே கணினி விழித்துக்கொள்ளும்.

"உங்கப்பா எந்திரிச்சுட்டாரு," என்றேன் ஒருநாள். அவள் சிரிக்கவில்லை.

பிறகு குரலே திக்கத் தொடங்கியது. "கண்ணு... கண்ணு... கண்ணு..." ஒரு ஞாயிறு மதியம் அந்த பிஸ்கட் டப்பா டப்பென்றது. கருகிய வாசனை. பேச்சு பாதியில் நின்றது.

கனத்ததை வாங்கி வந்து மாட்டினேன். விளக்கெல்லாம் எரிந்தன. ஹார்ட் டிஸ்க் மட்டும், உள்ளிருந்து யாரோ நகத்தால் கதவைத் தட்டுவதுபோல் டிக், டிக் என்றது. தகவல் மீட்பவர்களும் கைவிரித்துத் திருப்பித் தந்தார்கள். அப்புறமும் நான் விடவில்லை, தினமும் மாட்டுவேன். அவள் கேபினட்டின் கண்ணாடியில் காதை வைத்து அந்தத் தட்டலைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"எம்மேல கோவம் போல, வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. வேற கேபிள் போட்டுப் பாக்கட்டுமா?" என்றேன்.

"அணைச்சுப் போடுங்க."