மடியில் வந்த அம்மை

எருமைக்குத் தண்ணீர் காட்டும்போதும் மணிமேகலையின் கண் மட்டச்சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும். அங்கே அவருடைய கொழுந்தன் பெண்டாட்டி தீபாவின் ஜெர்சி மாடு நிற்கிறது. அதன் முன்னால் என்ன தீனி கிடக்கிறது, பாலுக்கு யார் யார் வந்து போகிறார்கள் என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகே வாளியைக் கீழே வைப்பார். ரெட்டியார்சத்திரத்தை ஒட்டிய எங்கள் தெருவில் நான் அவரிடம்தான் பால் வாங்குகிறேன். ஒருநாள் போகாவிட்டால் போதும். "அங்கிட்டு வாங்கிட்டியளாக்கும்" என்பார்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். நெடிய உடம்பு, இரண்டு பக்கமும் மூக்குத்தி. தீபா ஒரு புதுக்குடம் வாங்கினால் அந்த வாரமே இவர் வீட்டிலும் ஒன்று வந்துவிடும், கொஞ்சம் பெரிதாக.

போன மாசியில் எருமையின் காம்புகளில் கொப்புளம் கண்டது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிப் பார்த்தார். அடங்கவில்லை. பிறகு அவருடைய விரல்களிலேயே அதே கொப்புளங்கள், நடுவில் குழி விழுந்து. அக்குளில் நெறி கட்டிக் காய்ச்சலும் வந்தது. பால் வாங்கியவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் போனார்கள். தீபாவின் மாட்டுக்கு ஒரு பொட்டுகூட இல்லை. காய்ச்சலைவிட அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அவ கண்ணுதேன். பொறாமைக் கண்ணு" என்று என்னிடம் சொன்னார்.

கால்நடை டாக்டர் ரூபி வந்து பார்த்தார். உதிர்ந்த பொருக்கைக் குப்பியில் எடுத்துக்கொண்டார். இந்த மாதிரி அம்மைக் கிருமிகளில் சிலது எலி உடம்பில் நோவு காட்டாமலே குடியிருக்கும், எலியிலிருந்து மாட்டுக்கும் மாட்டிலிருந்து கறக்கிற கைக்கும் வரும் என்றார். "இங்கேயும் அப்படித்தானான்னு தெரியலம்மா. அதைப் பாக்கத்தான் கூண்டு வைக்கப்போறோம்."

சோளத்தட்டை அடுக்கிய படப்பைச் சுற்றிக் கருவாடு செருகிய கூண்டுகளை வைத்தார்கள். மணிமேகலை விடவில்லை. "அவ படப்புலயும் வையுங்க. எங்க வீட்ட மட்டும் சோதிச்சா எப்புடி?"

அங்கும் வைத்தார்கள். விடிந்து பார்த்தால் மணிமேகலையின் கூண்டுகளில் கொழுத்த வெள்ளெலிகள். தீபாவின் கூண்டுகளில் கருவாடு வைத்தபடியே இருந்தது. மணிமேகலை ஒவ்வொரு கூண்டையும் குனிந்து பார்த்தார்.

"எலிகூட எங்கிட்டத்தேன் குடி வரணுமாக்கும்."

எலிகளின் ரத்தத்தில் அம்மை வந்துபோன அடையாளம் இருப்பதாகப் பிறகு தெரிந்தது. எலி மாட்டுக்குக் கொடுத்ததா, மாடு எலிக்குக் கொடுத்ததா என்பதை இன்னும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். தீபாவின் கண்ணைப் பற்றி மணிமேகலை அதன்பின் பேசவில்லை.

விரல் ஆறும்வரை மடியைத் தொடக்கூடாது என்பது டாக்டர் கட்டளை. ஆனால் கறக்காமல் விட்டால் மடி வீங்கிக் காம்பே கெட்டுவிடும். அந்த எருமையோ அதுவரை வேறு கைக்கு நின்றதில்லை. புருஷன் சோலைமலை கறக்க உட்கார்ந்து பார்த்தார். உதை முழங்காலில் விழுந்தது. நொண்டிக்கொண்டே போய்த் தம்பி வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார்.

தீபா தன் மாட்டைக் கறந்து முடித்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். நோவு கண்ட எருமையின் பால், எப்படியும் கறந்து கீழே கொட்டப்போகிறதுதான்.

"ஒதைக்கும்னு சொல்லுங்க அவகிட்ட" என்று மணிமேகலை புருஷனிடம் சொன்னார்.

"செத்த நேரம் பாக்குறேன்க்கா" என்று தீபாவே பதில் சொல்லிக் குந்தினார். காம்பு நோகாதபடி மெல்ல நீவினார். எருமை ஒருமுறை காலை மாற்றி வைத்தது. அப்புறம் அசையவில்லை. வாளியில் பால் விழும் சத்தம் கேட்டது.

மணிமேகலை உதையை எதிர்பார்த்துத்தான் நின்றிருந்தார் என்று நினைக்கிறேன். சத்தம் சீராக வர வர அவர் முகம் இறுகியது. "நல்லாத்தேன் நிக்கிது" என்றார், யாரிடமும் இல்லாமல்.

எருமை கழுத்தை வளைத்துத் தீபாவின் தோளை முகர்ந்தது. மணிமேகலை இரண்டு எட்டில் முன்னே போனார். துணி சுற்றிய கையால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.