கோப்பையில் வந்த புகை

ஒரே பீப்பாயிலிருந்து எடுத்து, தனி வியாபாரி ஒருவர் பாட்டிலில் அடைத்த ஸ்காட்ச் விஸ்கி அது. பங்குனி மாதப் பிற்பகலில், ஜவ்வாது மலையில் வாடகைக்கு எடுத்த வீட்டில், நானும் நண்பன் முரளியும் அதை ருசி பார்த்தோம். என் மூக்கைப் பற்றி எனக்குக் கர்வம் அதிகம்.

முதலில் தேன் வாசம்தான் வந்தது. நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சற்றுப் பொறுத்து முகர்ந்தேன். புகை வாசம்! சில ஸ்காட்ச் விஸ்கிகளில் அது உண்டு. இதில் புகையே கிடையாது என்று லேபிளில் போட்டிருப்பதை முரளி காட்டினான்.

"எழுதினவனுக்கு மூக்கு இல்லடா" என்று சிரித்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு, காய்ந்த புல், மூங்கில் என்று அடுக்கிக்கொண்டே போனேன். வெயில் மங்கியதை மேகம் என்று நினைத்தேன். கால் மணி நேரம் போயிருக்கும்.

வீட்டுக்காரர் கோவிந்தன் கதவை இடித்தார். "இன்னா சார், இன்னும் உக்காந்துனுகிறீங்க? பின்னாடி காடு எரியுது! வாசனை வரலியா உங்களுக்கு?"

ஓடினோம். கொட்டகையில் கட்டியிருந்த அவருடைய இரண்டு மாடுகளில் ஒன்றைத்தான் அவிழ்க்க முடிந்தது.

வாசனை வரவில்லையா என்று கேட்டாரே. அந்த வாசனையை எல்லோருக்கும் முன்னால் பிடித்தது என் மூக்குதான்.