அப்பா உயர்த்திய கை

ஈரக் கம்பளிக் கையுறைகள் ஹீட்டரின் மேல் காய்கிற வாடை வந்தால், ஹவுகன்ஸ்டுவா பள்ளிக்கூடத்தில் நான் படித்த நாலாம் வகுப்பும் நோர்வே தனிநாடான கதையும் இன்றைக்கும் எனக்குச் சேர்ந்தே நினைவுக்கு வரும். மே பதினேழு, தேசிய நாள் கொடி ஊர்வலம் நெருங்கியும் குளிர் விடாத சமயம் அது. 1905இல் இந்த நாட்டு ஆண்கள் வாக்களித்து, ஒரு வெடிச்சத்தமும் கேட்காமல் சுவீடனிடமிருந்து பிரிந்ததை ஆசிரியை சொல்லித்தந்தார். மறுநாள் அதே வாக்கெடுப்பை வகுப்பில் நடத்துவோம், பெண்பிள்ளைகளும் கை உயர்த்தலாம் என்றார்.

சந்தோஷப் ‘புளுகம்’ தாங்காமல் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அப்பா குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

“பிரிஞ்சு போறதுக்கோ கை உயர்த்தப் போறாய்?”

“ஓம் அப்பா, சுவீடனிட்டை இருந்து.”

“ஆரிட்டை இருந்தெண்டாலும் வேண்டாம். கையை மேசைக்குக் கீழை வைச்சிரு.”

“இஞ்சருங்கோ, அது பள்ளிக்கூடத்து விளையாட்டு,” என்று அம்மா சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

அப்பாவின் பயம் யாழ்ப்பாணத்திலிருந்து கூடவே வந்தது. அங்கே தனிநாடு கேட்கிறவர்களைத் தேடி ஆமி ஊரைச் சுற்றிவளைத்தால், முகத்தை மூடிய ஒருவன் முன்னால் எல்லோரையும் வரிசையாக நடக்க வைப்பார்களாம். அவனுக்குப் பெயர் ‘தலையாட்டி’. அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ, அவர் வாகனத்தில் ஏற வேண்டியதுதான். என் சித்தப்பா அப்படி ஏறியவர், திரும்பி வரவில்லை.

இவ்வளவும் தெரிந்திருந்தும் மறுநாள் நான் கையை உயர்த்தினேன். வகுப்பே உயர்த்தியிருக்க, நான் மட்டும் சுவீடன்காரியாக இருக்க முடியுமா? ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்து, தலையை ஆட்டி ஆட்டி எண்ணிக்கொண்டு வந்தார். அப்போதுதான் வாசலில் அப்பாவைக் கண்டேன். வேலைச் சட்டையோடு, நேரத்துக்கு முன்பே என்னைக் கூட்டிப்போக வந்திருந்தார். அவர் கண் ஆசிரியையின் தலையிலேயே நின்றது. அந்தத் தலை என் பக்கம் திரும்பி ஒருமுறை ஆடியது.

நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடிவந்த அப்பா, என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். எனக்கும் ஆசிரியைக்கும் நடுவில் நின்றுகொண்டு, “அவளில்லை, நான்,” என்று தமக்குத் தெரிந்த அரைகுறை நோர்வே மொழியில் சொல்லித் தம்முடைய கையை உயர்த்தினார். ஆசிரியை, அப்பாவும் விளையாட்டில் சேர்ந்துவிட்டார் என்று நினைத்துச் சிரித்து, அவரைப் பார்த்தும் தலையை ஆட்டினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கோ வெட்கத்தில் அழுகை முட்டியது.

இப்போது என் மகள் அதே பள்ளிக்கூடத்தில் எதற்கெடுத்தாலும் முதல் ஆளாகக் கை உயர்த்துகிறாள். ‘தலையாட்டி’ என்ற சொல்லே அவளுக்குத் தெரியாது, தெரியாமலே போகட்டும். ஆனால் அவளைக் கூட்டிவரப் போய் வாசலில் நிற்கையில், அவளுடைய ஆசிரியை தலையசைத்தால் என் நெஞ்சு ஒருகணம் பதறத்தான் செய்கிறது. “அவளில்லை, நான்,” என்று ஓடிவர அப்பா இல்லை.